விக்கிமூலத்தில் படித்துக்கொண்டே மெய்ப்புப் பார்ப்பது எப்படி?

இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் நூல்களை இலவசமாகப் படிக்கும் எவரும் அவற்றை மெய்ப்புப் பார்க்கலாம், அதாவது மூலப் படத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்தலாம். திருத்த ஆள் தேவை. அங்குள்ள பக்கங்களில் மிகப் பல, ஸ்கேன் படங்களிலிருந்து ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும்) மென்பொருள் பிரித்தெடுத்தவை. அது சில எழுத்துகளைத் தவறாகப் படித்துவிடும். 'காலம்' என்ற சொல் 'கரலம்' என்று கிடந்தால், தேடுபவருக்கு அந்த வரி கிடைக்கவே கிடைக்காது.

முதலில் பயனர் கணக்கு தொடங்குங்கள். கணக்கு இல்லாமலும் எழுத்தைத் திருத்தலாம், ஆனால் பக்கம் எவ்வளவு சரிபார்க்கப்பட்டது என்று காட்டும் நிலையை மாற்ற முடியாது. பிறகு நூலின் எல்லாப் பக்கங்களையும் பட்டியலிடும் 'அட்டவணை' பக்கத்துக்குப் போனால் பக்க எண்கள் அந்த நிலையைக் காட்டும் வண்ணங்களில் தெரியும். சிவப்பு என்றால் இன்னும் யாரும் முழுதாகப் பார்த்து முடிக்கவில்லை. மஞ்சள் என்றால் ஒருவர் பார்த்துவிட்டார். பச்சை என்றால் இரண்டாமவரும் சரிபார்த்துவிட்டார். மஞ்சளாக்கியவரே பச்சையாக்க மென்பொருள் விடாது. புதியவர்கள் ஒரு பச்சைப் பக்கத்தைத் திறந்து அமைப்பைப் பார்த்துக்கொண்டு, அதே நூலில் உரைநடை மட்டும் உள்ள சிவப்புப் பக்கம் ஒன்றை எடுப்பது நல்லது. கட்டம் போட்ட பட்டியல்களும் அடிக்குறிப்புகளும் நிறைந்த பக்கங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எடுத்த பக்கத்தைத் திருத்தத் திறந்தால் ஒரு பக்கம் படமும் மறுபக்கம் எழுத்தும் இருக்கும். மேலே அச்சாகியிருக்கும் நூல் தலைப்பையும் பக்க எண்ணையும் முதலில் வெட்டி மேற்பகுதிப் பெட்டியில் ஒட்டுங்கள். உள்ளேயே விட்டால், பக்கங்கள் அத்தியாயமாகச் சேரும்போது வாக்கியத்தின் நடுவே நூலின் பெயர் வந்து நிற்கும்.

அடுத்து எழுத்துகள். துணைக்காலும் 'ர'வும் இடம் மாறுவதுதான் அதிகம். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் குழம்பும். மெய்யின் புள்ளி காணாமல் போகும். 'ௌ' வரவேண்டிய இடத்தில் கொம்பும் 'ள'வும் தனித்தனியே நிற்கும்; கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு அவை வேறு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் 'லை', 'னை', 'றா' போன்றவை பழைய வடிவில் இருக்கும். ஓசிஆர் அங்கே தடுமாறும். இவற்றை இன்றைய வடிவிலேயே தட்டச்சிடுங்கள், மாறியது உருவம்தான். சரளமாக வாசித்தால் மனம் பிழையைத் தானே சரிசெய்துகொண்டு போய்விடும். அதனால் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒருமுறை படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வரி இறுதியில் உடைந்த சொற்களைச் சேர்த்து எழுதுங்கள். பத்திகளுக்கு இடையே ஒரு வெற்று வரி கட்டாயம். வெறுமனே அடுத்த வரிக்குப் போனால் இரண்டு பத்தியும் ஒட்டிக்கொள்ளும். ஆசிரியரின் சந்தியையும் பழைய எழுத்துக்கூட்டலையும் தொடாதீர்கள். விக்கிமூலம் நூலை அச்சானபடி காக்கும் இடம், அதை இன்றைய நடைக்கு மாற்றுவது ஆசிரியருக்குச் செய்யும் அநியாயம்.

ஸ்கேனில் வரி வெட்டுப்பட்டிருந்தால் ஊகித்து எழுதாமல் 'சிக்கல்' நிலையைத் தேர்ந்து சேமியுங்கள். முழுப் பக்கத்தையும் ஒப்பிட்ட பிறகே மஞ்சள். பாதியில் எழ நேர்ந்தால் சிவப்பாகவே சேமிக்கலாம்.

புதிய நூலை ஏற்ற விரும்பினால் பதிப்புரிமையைப் பாருங்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள், அவர் வாழ்நாளில் வெளியான நூல்களுக்குப் பதிப்புரிமை உண்டு. 1965இல் இறந்தவரின் அத்தகைய நூல்களை 2026 ஜனவரி 1 முதல் யாரும் பயன்படுத்தலாம். நாட்டுடைமையாக்கப்பட்ட (அரசு உரிமையை வாங்கிப் பொதுவாக்கிய) நூலாக இருந்தாலும் புதிய பதிப்பை ஏற்றும்போது கவனம் தேவை. பதிப்பாசிரியரின் முன்னுரையும் குறிப்புகளும் அவருடைய உரிமை. அந்தப் பக்கங்களை நீக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.