களை விதை உண்ணும் தரைவண்டுகளுக்குக் கணித மாதிரி அமைக்கும் முறை

கராபிடே குடும்பத்துத் தரைவண்டுகளில் ஹார்பாலஸ், அமாரா போன்ற பேரினங்கள் நிலத்தில் உதிர்ந்து கிடக்கும் களை விதைகளை விரும்பித் தின்பவை. இவற்றால் களை எவ்வளவு குறையும் என்று கணிக்க முற்படுவோர், ஒரு வண்டு ஓர் இரவில் எத்தனை விதை தின்னும் என்ற கேள்வியுடன் தொடங்குவது வழக்கம். உதிர்ந்த விதை எத்தனை நாள் மண்ணின் மேற்பரப்பில் கிடக்கிறது என்ற கேள்வியை முதலில் வைப்பதே சரி என்று கருதுகிறேன்; ஆழத்தில் புதைந்துவிட்ட விதை பெரும்பாலும் வண்டுக்கு எட்டுவதில்லை.

ஆகவே முதலில் இரண்டு வீதங்களை எழுதிக்கொள்ளுங்கள். மேற்பரப்பிலுள்ள விதைகளில் நாள்தோறும் 5 விழுக்காடு தின்னப்படுவதாகவும், 2 விழுக்காடு மழையாலும் மண்வெடிப்பாலும் புதைவதாகவும் கொள்வோம். வீதங்கள் மாறாதிருந்தால் இறுதியில் தின்னப்படும் பங்கு 5/(5+2), அதாவது ஏறத்தாழ 71 விழுக்காடு. விதை உதிர்ந்த உடனே உழுதுவிட்டால் இந்தப் போட்டியே நடைபெறாது என்பதால், உழவு நாளை மாதிரியில் தனி மாறியாக வைக்க வேண்டும்.

அடுத்து, ஆண்டுக் கணக்கு. மண்ணில் உயிருடன் கிடக்கும் விதைகளின் இருப்பை விதை வங்கி என்பார்கள்; அதில் 20 விழுக்காடு முளைக்கிறது. முளைக்காதவற்றில் 60 விழுக்காடு அடுத்த ஆண்டுவரை உயிருடன் இருக்கிறது என்று வைத்தால், பழைய விதைகளில் 0.48 பங்கு எஞ்சும். முளைத்தவற்றில் நூற்றுக்கு ஒன்று களையெடுப்புக்குத் தப்பி 500 விதை உதிர்த்தால், பழைய விதை ஒன்றுக்குப் புதிய விதை ஒன்று சேரும். வண்டுகள் இல்லையேல் விதை வங்கி ஆண்டுக்கு 1.48 மடங்காகும், புதிய விதைகளில் 71 விழுக்காடு தின்னப்பட்டால் 0.77 மடங்காகச் சுருங்கும். இந்த எண்கள் விளக்கத்துக்கானவை மட்டுமே. களை பெருகாமல் நிறுத்தக் புதிய விதைகளில் குறைந்தது 48 விழுக்காடு தின்னப்பட வேண்டும் என்ற எல்லையை இவ்வாறு கண்டறிய முடிவதுதான் மாதிரியின் உண்மையான பயன்.

தின்னும் வீதத்தை வயலில் அளக்க, விதை ஒட்டிய அட்டைகளைத் தரையில் வைத்து, எலிகளும் பறவைகளும் நுழையாதபடி சிலவற்றைக் கம்பிவலைக் கூண்டால் மூடி, சில நாள் கழித்து எஞ்சிய விதைகளை எண்ணுவார்கள். அட்டையில் ஒட்டிய விதை புதைய வழியில்லை. எனவே அதில் கிடைக்கும் எண்ணை மொத்த இழப்பாகக் கொள்ளாமல் அன்றாட வீதமாக மட்டும் பயன்படுத்துங்கள். தரைமட்டத்தில் புதைத்த கிண்ணமான குழிப்பொறியில் விழும் வண்டுகளின் எண்ணிக்கை அவற்றின் அடர்த்தியோடு நடமாட்டத்தையும் சேர்த்தே காட்டுகிறது. வெப்பமான இரவில் அதே வண்டுகள் கூடுதலாக அகப்படும்.

விதை மிகுதியாக உதிரும் வாரங்களில் வண்டுகளின் வயிறு நிறைந்துவிடுவதால் தின்னும் பங்கு குறையும். இதற்கு 1959ஆம் ஆண்டில் சூழலியலாளர் ஹோலிங் வகுத்த இரண்டாம் வகைச் சமன்பாடு பொருந்தும்; இரை பெருகப் பெருக ஓர் உயிரி தின்னும் அளவு முதலில் கூடி, பின்பு ஓர் எல்லையை நெருங்கி நின்றுவிடுவதை அது காட்டுகிறது.

பலரும் விட்டுவிடும் கூறு ஒன்று உண்டு. நெருக்கமாக முளைத்த நாற்றுகள் தமக்குள் போட்டியிட்டு எப்படியும் மடியும். ஆகவே வண்டு தின்ற விதைகளில் ஒரு பகுதி, தின்னப்படாவிட்டாலும் செடியாகியிருக்காது. செடியொன்றின் விதை எண்ணிக்கை செடியடர்த்திக்கேற்பக் குறையும்படி அமைக்காத மாதிரி, வண்டுகளின் பங்கை மிகைப்படுத்திவிடும். அதைச் சேர்த்த பிறகு தின்னும் வீதம், புதையும் வீதம், உழவு நாள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றி ஓட்டிப் பாருங்கள். முடிவை அதிகம் அசைக்கும் அளவீட்டையே அடுத்த பருவத்தில் வயலில் கூடுதல் கவனத்துடன் எடுக்க வேண்டும்.