பெருந்தொற்றுக் காலத்தில் மருந்தைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய தொற்று பரவத் தொடங்கியதும் மருத்துவமனைகளில் ஒரு குரல் எழும்: "ஆய்வுக்கெல்லாம் இப்போது நேரமில்லை, கையில் இருப்பதைக் கொடுத்துப் பார்ப்போம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கோவிட் காலத்தில் மாதக்கணக்கில் நேரத்தை விழுங்கியது இந்த அவசரம்தான். கொடுத்துப் பார்த்த மருந்து வேலை செய்ததா என்று கொடுத்தவர்களாலேயே கடைசிவரை சொல்ல முடியவில்லை.

நோயிலிருந்து மீண்டவர்களின் பிளாஸ்மாவை எடுத்துக்கொள்வோம். 2020 ஆகஸ்டுக்குள் அமெரிக்காவில் 70,000-க்கும் அதிகமானோர் சிறப்பு அனுமதித் திட்டத்தின் கீழ் அதைப் பெற்றிருந்தார்கள். ஒப்பிடுவதற்கு, அதைப் பெறாத கட்டுப்பாட்டுக் குழு இல்லை. பிழைத்தவர்கள் பிளாஸ்மாவால் பிழைத்தார்களா, அது இல்லாமலும் பிழைத்திருப்பார்களா என்ற கேள்விக்கு அவ்வளவு பெரிய எண்ணிக்கையிலும் விடை இல்லை. பிரிட்டனின் ரெகவரி ஆய்வு 11,558 பேரைக் குலுக்கல் முறையில் பிளாஸ்மா பெறுபவர், பெறாதவர் என இரு குழுக்களாகப் பிரித்தது. 28 நாளில் இறந்தவர்கள் இரு குழுவிலும் 24 சதவீதம். மருந்து பற்றாக்குறையாக இருக்கும் நாட்களில் குலுக்கல் போடுவது அநியாயம் என்பவர்கள் உண்டு. பலன் தெரியாத மருந்து எல்லோருக்கும் எட்டாதபோது, யாருக்குக் கிடைக்கும் என்பதைச் செல்வாக்கு தீர்மானிப்பதைவிடக் குலுக்கல் தீர்மானிப்பதே நியாயம்.

கட்டுப்பாட்டுக் குழு இருந்தால் மட்டும் போதாது. இரு குழுவும் ஒரே இடத்தில், ஒரே காலத்தில், ஒரே விதியால் உருவாக வேண்டும். மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி உலகையே பேசவைத்த பிரெஞ்சு ஆய்வில் மருந்து பெற்றவர்கள் 26 பேர், ஒப்பீட்டுக்கு 16 பேர். ஒப்பீட்டுக் குழுவில் பலர் வேறு மருத்துவமனைகளைச் சேர்ந்தவர்கள். மருந்து பெற்ற 26 பேரில் 6 பேர் கணக்கிலிருந்து விடப்பட்டார்கள்: மூவர் தீவிர சிகிச்சைக்கு மாற்றப்பட்டவர்கள், ஒருவர் இறந்தவர், ஒருவர் வீடு திரும்பியவர், ஒருவர் குமட்டலால் மருந்தை நிறுத்தியவர். நோய் முற்றியவர்களை ஒரு குழுவிலிருந்து மட்டும் நீக்கினால் எந்த மருந்தும் நல்ல மருந்தாகத் தெரியும். விதி எளிது: குலுக்கலில் எந்தக் குழுவில் விழுந்தாரோ, மருந்தை முழுதாக எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், கடைசிவரை அந்தக் குழுவிலேயே அவரை எண்ண வேண்டும்.

எத்தனை பேர் வேண்டும்?

தனித்தனியே நூறு சிறு ஆய்வுகள் தொடங்குவது கோவிட் காலத்தின் பெரிய விரயம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். இறப்பை 25 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கும் மருந்து ஒன்று உண்மையிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 80 சதவீத வாய்ப்புடன் கண்டுபிடிக்கக் குழுவுக்கு ஏறத்தாழ 1,100 பேர் தேவை. குழுவுக்கு 100 பேர் மட்டும் சேர்த்து, ஒன்றில் 25 பேரும் மற்றதில் 20 பேரும் இறந்தால், உண்மையான வேறுபாடு 17 சதவீதப் புள்ளி நன்மையிலிருந்து 7 சதவீதப் புள்ளி தீமை வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். "பலனில்லை" என்று இதற்குத் தலைப்பு வைப்பதும் தவறு, "நம்பிக்கை அளிக்கிறது" என்பதும் தவறு.

அலை வடிந்துவிட்டால் நோயாளிகள் கிடைக்க மாட்டார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வூஹானில் வைரஸ் எதிர்ப்பு மருந்தான ரெம்டெசிவிரின் ஆய்வு 453 பேரைத் திட்டமிட்டுத் தொடங்கி, தொற்று அடங்கியதால் 237 பேருடன் முடிவில்லாமல் நின்றது. இதற்கு மாற்று, பல மருத்துவமனைகளை ஒரே நெறிமுறையில், அதாவது எழுதிவைத்த ஒரே ஆய்வுத் திட்டத்தில், இணைப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் சாலிடாரிட்டி ஆய்வு 30 நாடுகளின் 405 மருத்துவமனைகளில் 11,330 பேரைச் சேர்த்துத்தான் நான்கு மருந்துகளைப் பற்றி முடிவு சொன்னது.

இவ்வளவு பேரைச் சேர்க்க விடாமல் தடுப்பது பெரும்பாலும் படிவம். நெரிசலான வார்டில் இரவுப் பணியில் இருக்கும் மருத்துவர் நீண்ட படிவங்களை நிரப்ப மாட்டார், நோயாளியையும் சேர்க்க மாட்டார். ரெகவரி ஆய்வில் சேர்க்கை இணையத்தில் சில நிமிடங்களில் முடியும். பின்தொடர்தலுக்கு, வீடு திரும்பும்போதோ இறந்தபோதோ 28-ஆம் நாளிலோ, எது முன்னதோ அப்போது நிரப்பும் ஒரே படிவம். ஒவ்வொரு வரியையும் பார்த்து "இந்த விவரம் முடிவை மாற்றுமா?" என்று கேளுங்கள். மாற்றாது என்றால் வெட்டிவிடுங்கள்.

தவறான கட்டம், தவறான அளவு

அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெதசோன் இதற்குச் சரியான பாடம். ரெகவரி ஆய்வில் அதைக் கொடுத்தது தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்ஸிஜன் மட்டும் பெற்றவர்களில் 26.2-இலிருந்து 23.3. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களிலோ பலன் தெரியவில்லை. மருந்துக் குழுவில் 17.8, மற்றதில் 14.0, தற்செயல் என்று ஒதுக்கிவிட முடிந்தாலும் தீமையின் பக்கமே சாய்ந்த எண்கள். முதல் வாரத்தில் வைரஸ் பெருகுகிறது. பிறகு நுரையீரலைச் சிதைப்பது உடலின் சொந்த அழற்சி. அழற்சியை அடக்கும் மருந்தை முதல் கட்டத்தில் கொடுத்தால் உடலின் காவலையே கட்டிப்போடுகிறோம். வைரஸ் எதிர்ப்பு மருந்தை இரண்டாம் கட்டத்தில் கொடுத்தால் காலம் கடந்துவிடுகிறது. லேசான நோயாளிகளை மட்டும் சேர்த்து இந்த ஆய்வை நடத்தியிருந்தால், உயிர் காக்கும் மருந்தொன்று குப்பைக்குப் போயிருக்கும். எனவே அறிகுறி தொடங்கிய நாளையும், சேரும்போது ஆக்ஸிஜன் தேவைப்பட்டதா என்பதையும் கட்டாயம் பதிவு செய்யுங்கள். தனியே அலசப்போகும் துணைக்குழுக்களை முன்கூட்டியே நெறிமுறையில் எழுதிவையுங்கள்.

அளவில் வரும் தவறு ஆய்வுக்கூடத்தில் தொடங்குகிறது. தட்டில் வளர்த்த செல்களில் வைரஸைக் கொல்லும் செறிவு, வழக்கமான அளவு மாத்திரையால் ரத்தத்தில் எட்டவே முடியாததாக இருக்கலாம். ஒட்டுண்ணிகளுக்கான மருந்தான ஐவர்மெக்டினைக் கோவிட்டுக்குப் பயன்படுத்திய விஷயத்தில் நடந்தது அதுதான். எட்டவைக்க அளவைக் கூட்டினால் வேறு ஆபத்து. பிரேசிலில் குளோரோகுயின் 600 மில்லிகிராம் தினம் இருமுறை பெற்ற குழுவில் 13-ஆம் நாளுக்குள் 39 சதவீதம் பேர் இறந்தனர், குறைந்த அளவுக் குழுவில் 15 சதவீதம். இரு குழுவிலும் மொத்தம் 81 பேர் சேர்ந்திருந்தபோதே அதிக அளவுக் குழு நிறுத்தப்பட்டது. அதைக் கவனித்து நிறுத்தத் தனி தரவு கண்காணிப்புக் குழு இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

எதை அளப்பது?

பிசிஆர் நெகட்டிவ் ஆவதை முக்கிய முடிவாக வைப்பது எளிது, வேகமானது, பெரும்பாலும் பயனற்றது. இறந்துபோன வைரஸின் துண்டுகளும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும். நோயாளிக்கு வேண்டியது உயிர், வென்டிலேட்டரைத் தவிர்ப்பது, வீடு திரும்புவது. இறப்பை 14-ஆம் நாளில் எண்ணி முடிப்பதும் தவறு. கோவிட்டில் பலர் மூன்றாம், நான்காம் வாரத்தில்தான் இறந்தார்கள். வீடு திரும்ப எத்தனை நாள் என்று அளக்கும்போது இறந்தவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால், கொல்லும் மருந்துகூட விரைவில் குணப்படுத்துவதாகத் தோன்றும். இறந்தவர்களுக்கு மிக மோசமான மதிப்பைக் கொடுங்கள்.

முக்கிய முடிவை நடுவில் மாற்றலாமா? குழுவாரியான தரவை யாரும் பார்க்காத நிலையில், காரணத்தை எழுதிவைத்து மாற்றலாம். அமெரிக்காவின் ஆக்ட்-1 ரெம்டெசிவிர் ஆய்வு அப்படித்தான் மாற்றியது. பார்த்த பிறகு மாற்றினால் அது சோதனை அல்ல. இடையிடையே எட்டிப்பார்ப்பதும் இதே வகைதான்: தற்செயலாக வெற்றி தோன்றும் வாய்ப்பு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற வழக்கமான வரம்பை வைத்துக்கொண்டு ஐந்து முறை பார்த்தால், பலனே இல்லாத மருந்து "வென்றுவிடும்" வாய்ப்பு சுமார் 14 சதவீதமாக ஏறுகிறது. இடைக்காலப் பார்வைக்குக் கடுமையான தனி வரம்பை முன்பே குறித்துவிடுங்கள்.

குலுக்கல் இல்லாமல் பழைய கோப்புகளை அலசும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. மருந்து ஐந்தாம் நாளில் கொடுக்கப்பட்டதென்றால், அதைப் பெற்றவர் அதுவரை உயிரோடு இருந்தாக வேண்டும். முதல் நான்கு நாளில் இறந்தவர்கள் எல்லாம் "மருந்து பெறாதவர்" பட்டியலில் விழுவார்கள். இருவருக்கும் கடிகாரத்தை ஒரே கணத்தில் தொடங்காவிட்டால் வெறும் தண்ணீர்கூட உயிர் காக்கும். பல மாதங்கள் ஓடும் ஆய்வில், பழைய மாதங்களின் கட்டுப்பாட்டுக் குழுவுடன் புதிய மருந்தை ஒப்பிடுவதும் இப்படியே ஏமாற்றும். இடையில் பொதுச் சிகிச்சையே மேம்பட்டிருக்கும்.

தடுப்பூசி ஆய்வில்

இங்கே முடிவைத் தருவது சேர்ந்தவர்களின் எண்ணிக்கை அல்ல, நோய் கண்டவர்களின் எண்ணிக்கை. ஃபைசர் ஆய்வில் 43,000-க்கும் அதிகமானோர் இருந்தும் தீர்ப்பு 170 பேரில் தங்கியிருந்தது: தடுப்பூசிக் குழுவில் 8, மருந்தில்லாப் போலி ஊசி (பிளாசிபோ) பெற்ற குழுவில் 162. தொற்று வடியும் ஊரில் ஆய்வைத் தொடங்கினால் இந்த எண் சேரவே சேராது. 2015-இல் கினியாவில் எபோலா குறைந்துகொண்டிருந்தபோது வேறு வழி கையாண்டார்கள். ஒவ்வொரு நோயாளியின் தொடர்பில் இருந்தவர்களையும் அவர்களின் தொடர்பில் இருந்தவர்களையும் ஒரு வளையமாகக் கொண்டு, சில வளையங்களுக்கு உடனே, சிலவற்றுக்கு 21 நாள் கழித்துத் தடுப்பூசி போட்டார்கள். நோயை எண்ணத் தொடங்கியது 10 நாளுக்குப் பிறகு. ஏனெனில் ஊசி போடும்போதே உடலில் கிருமி நுழைந்திருந்தவர்களை முதல் நாளிலிருந்து எண்ணினால், நல்ல தடுப்பூசியும் தோற்றதாகத் தெரியும்.

கர்ப்பிணிகளை "பாதுகாப்புக்காக" விலக்குவது வழக்கமாகிவிட்டது. பிறகு மருந்து பரவலாக வந்ததும் அவர்களுக்கு எந்தத் தரவும் இல்லாமல் கொடுக்கிறோம். ரெகவரி ஆய்வு அவர்களைச் சேர்த்தது, டெக்ஸாமெதசோனுக்குப் பதில் இன்னொரு ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராம் கொடுத்தது. இதைப் பின்பற்றலாம்.

கடைசியாக, தரவைத் தொட்டுப் பாருங்கள். 96,000 நோயாளிகளின் கோப்புகள் என்று கூறிய ஹைட்ராக்சிகுளோரோகுயின் கட்டுரை 2020 மே 22-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மூலத் தரவைத் தனிக்குழு சரிபார்க்க வழி கிடைக்காததால் ஜூன் 4-இல் திரும்பப் பெறப்பட்டது. இடையில் நடந்துகொண்டிருந்த நேர்மையான ஆய்வுகள் சில இடைநிறுத்தப்பட்டன. கூட்டாளியாகப் பெயர் போடும் முன் மூலக் கோப்பைக் கேளுங்கள். ஒரே வரிசை எண்கள் இரு நோயாளிகளுக்கு மீண்டும் வருகின்றனவா, சேர்க்கைத் தேதிக்கு முன்பே இறப்புத் தேதி இருக்கிறதா, குலுக்கலுக்கு முன்பே குழுக்களின் நோய்த் தீவிரம் பெரிதும் வேறுபடுகிறதா என்று பாருங்கள். அரை நாள் வேலைதான்.