வாங்கும் அன்றே விற்கும் விலையைப் பாருங்கள்: பழைய ஆடம்பர வாட்ச் வாங்குபவர்களுக்கு

சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலைப் பக்கம், லக்கி பிளாசாவிலும் ஃபார் ஈஸ்ட் பிளாசாவிலும், பழைய வாட்ச் வாங்கி விற்கும் கடைகள் இருக்கின்றன. அப்படி ஒரு கடையில்தான் எனக்கு வேலை. வருகிற வாட்சைத் திறந்து பார்த்து, எவ்வளவுக்கு எடுக்கலாம் என்று முதலாளிக்குச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வருகிற தம்பிகள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, ரோலெக்ஸ் வாங்கினால் விலை இறங்கவே இறங்காதாமே?" இறங்கும். எது நிற்கும், எது இறங்கும் என்று வாங்கும்போதே பெரும்பாலும் தெரிந்துவிடும். பெயரைவிட, அந்த ஒரு வாட்ச் எவ்வளவு கைபடாமல் இருக்கிறது என்பதுதான் விலையைப் பிடித்து நிறுத்துகிறது.

பேரம் பேசுவதற்கு முன் கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள்: "அடுத்த மாதம் இதையே திருப்பிக் கொண்டுவந்தால் எவ்வளவுக்கு எடுத்துக்கொள்வீர்கள்?" நகையை விற்கப் போனால் செய்கூலியும் சேதாரமும் போய்விடுகிற மாதிரி இங்கேயும் ஒரு பங்கு போகும். அது எவ்வளவு என்று முகத்துக்கு நேராகச் சொல்பவரிடம் வாங்குங்கள். மழுப்பினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

எந்த மாடல் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோலெக்ஸின் ஸ்டீல் வாட்சுகளில் சப்மரைனர், ஜிஎம்டி மாஸ்டர், டேடோனா மூன்றுக்கும் எப்போதும் ஆள் உண்டு. பட்டேக் பிலிப்பின் நாட்டிலஸ், ஓடமார் பிகேயின் ராயல் ஓக் இரண்டும் அதே வரிசை. ஒமேகா, பிரைட்லிங் போன்றவை நல்ல வாட்சுகள்தான், ஆனால் ஷோரூமை விட்டு வெளியே வந்ததுமே கணிசமாக இறங்கும். அவற்றைப் பழையதாக வாங்குவதே லாபம். வெளியில் கொடுத்து வைரம் பதித்த வாட்சை மட்டும் தொடாதீர்கள். கல்லுக்குக் கொடுத்த பணம் திரும்பி வராது, வாட்சின் விலையையும் அது கீழே இழுத்துவிடும்.

ஏலச் செய்தியைப் பார்த்துக் கணக்குப் போடவும் கூடாது. நடிகர் பால் நியூமனின் சொந்த டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க்கில் 1.77 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் போனது. அந்த விலை அந்த மனிதரின் கையில் இருந்ததற்கு. 2022 தொடக்கத்தில் விலையெல்லாம் உச்சிக்குப் போய், நாட்டிலஸ் கம்பெனி விலையைப் போலப் பல மடங்குக்குக் கைமாறியது. அந்த வருடமே சந்தை சரிந்தது. உச்சியில் வாங்கியவர்களில் பலர் இன்றும் கேட்பது தாங்கள் கொடுத்த விலையைத்தான். அந்த விலைக்கு எடுக்க ஆள் இல்லை.

சரி, இப்போது வாட்சைக் கையில் எடுங்கள். உதாரணத்துக்கு சப்மரைனர் 16610. எண்பதுகளின் கடைசியிலிருந்து 2010 வரை வந்த மாடல், இன்றும் நிறையக் கிடைக்கிறது. செயின் வந்து பொருந்தும் நான்கு முனைகளைப் பாருங்கள். 16610-இல் பழையவற்றுக்கு அந்த முனைகளின் பக்கவாட்டில் சின்னத் துளை இருக்கும். பாலிஷ் போடப் போட மேல்விளிம்பு தேய்ந்து துளையை நெருங்கும். துளையின் வாயும் கூர்மை போய்ச் சரிந்துவிடும். ஒரு பக்கத்து முனை தடிமனாகவும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால் யாரோ மெஷினில் வைத்து அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள். சாவி கொடுக்கும் குமிழுக்கு இருபுறமும் காவலாக நிற்கும் மேடுகளும் அப்படித்தான், இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பளபளவென்று புதிதுபோல் இருப்பதைவிட, கீறல் விழுந்தாலும் விளிம்பு கெடாமல் இருப்பதற்கே நான் அதிக விலை சொல்வேன். கீறலை என்றைக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம், தேய்ந்த உலோகம் திரும்ப வராது.

அப்புறம் டயல். அடியில், 6 மணிக்குக் கீழே பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். 'ஸ்விஸ்' என்பதோடு ஆங்கில 'T' எழுத்தும் 25 என்ற எண்ணும் இருந்தால் அது இருட்டில் ஒளிர்வதற்காக டிரிட்டியம் பூசிய டயல். தொண்ணூறுகளின் கடைசி வரைதான் அது வந்தது. டிரிட்டியம் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் பொருள், எனவே இன்று இருட்டில் அது பளிச்சென்று ஒளிரக் கூடாது. டயல் மங்கிக் கிடக்க முட்கள் மட்டும் பச்சையாக மின்னினால் முட்கள் மாற்றப்பட்டவை. ஓடுவதற்கு அதனால் குறை ஒன்றும் இல்லை, ஆனால் விலை குறையும். அதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள்.

செயினைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்தால் நடுவில் எவ்வளவு தொங்குகிறது என்று பாருங்கள். ரோலெக்ஸின் டேட்ஜஸ்ட் மாடலில் பழையவற்றுக்கு வரும் ஜூபிலி என்ற செயின் ரொம்பவே தளரும். பழைய ரோலெக்ஸ் என்றால் செயினைக் கழற்றச் சொல்லி, முனைகளுக்கு நடுவில் பொறித்த வரிசை எண்ணை வாரண்டி தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். கழற்றிக் காட்ட மறுத்தால் அந்த வாட்ச் வேண்டாம்.

இவ்வளவு பார்க்கத் தயக்கமாக இருந்தால், 2022 டிசம்பரிலிருந்து ரோலெக்ஸே பழையவற்றைச் சான்றளித்துத் தன் டீலர்கள் வழியாக விற்கிறது, இரண்டு வருட உத்தரவாதத்தோடு. நிம்மதி உண்டு, விலையும் கூடுதல். விற்கும்போது அந்தக் கூடுதல் கைக்கு வராது.

வாங்கிய பிறகு பெட்டி, பில், வாரண்டி கார்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள். அளவுக்காகச் செயினிலிருந்து கழற்றிய கண்ணிகளை எறிந்துவிடாதீர்கள். மணிக்கட்டு பெருத்தவர் வாங்க வந்து, கண்ணி இல்லாததால் திரும்பிப் போவதை அடிக்கடி பார்க்கிறேன். சர்வீஸ் கொடுக்கும்போது 'பாலிஷ் வேண்டாம், டயலும் முள்ளும் மாற்ற வேண்டாம்' என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது பட்டறைக்குப் போய்ச் சேராது. ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் பில்லை உடன் வைத்துக்கொண்டு, சுங்கத்தில் கட்ட வேண்டிய தீர்வையையும் வாங்கும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

விற்கிற நாள் வந்தால் பாலிஷ் போட்டு எடுத்துவராதீர்கள். மெல்லிய துணியால் துடைத்தால் போதும். ஒரே நாளில் மூன்று கடைக்காவது போய், கையில் காசாகத் தந்தால் எவ்வளவு, கடையில் வைத்து விற்றுக் கொடுத்தால் எவ்வளவு என்று இரண்டு விலையும் கேளுங்கள். வித்தியாசம் சின்னதாக இருந்தால் காசை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். விட்டுவிட்டுப் போவதாக இருந்தால் வரிசை எண், ஒப்புக்கொண்ட விலை, எத்தனை நாள் கெடு என்ற மூன்றும் எழுதிய ரசீது கைக்கு வராமல் கடையை விட்டு நகராதீர்கள்.