பிளேன் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்? வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கலாம்

டிக்கட்டில் "கட்டுநாயக்க 18:30, டுபாய் 21:30" என்று இருக்கும். மூன்று மணித்தியாலப் பயணம் என்று நினைத்துக்கொண்டு, ஒன்பதரைக்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கும் அம்மாமார் நம் இலங்கை மலையகத் தோட்டங்களில் இருக்கிறார்கள். அந்தத் தவிப்பு தேவையே இல்லை. ஒரு போன் இருந்தால் போதும், கணக்கை நாமே போட்டுவிடலாம்.

படி 1: தூரம்

கூகுள் மேப்ஸில் கட்டுநாயக்க விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். சிவப்பு அடையாளம் விழும். அதன் விபரத்தைத் திறந்தால் தூரம் அளக்கும் வசதி இருக்கும். அதைத் தொட்டுவிட்டு, டுபாய் விமான நிலையம் நடு வட்டத்துக்குள் வரும்வரை படத்தை நகர்த்துங்கள். ஏறத்தாழ 3,290 கிலோமீற்றர் காட்டும். இதே முறையில் சென்னைக்கு 650, திருச்சிக்கு 420 அளவில் வரும். வழி காட்டும் பொத்தானை அழுத்த வேண்டாம், அது ரோட்டைத்தான் தேடும். சில இடங்களில் தூரத்தைக் கடல் மைலில் போட்டிருப்பார்கள், 1.852ஆல் பெருக்கினால் கிலோமீற்றர்.

படி 2: பறக்கும் நேரம்

பெரிய ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 முதல் 900 கிலோமீற்றர் வேகத்தில் போகும். 850 என்று வைத்துக்கொள்வோம். 3,290 ÷ 850 = 3.87. இது 3 மணி 87 நிமிடம் அல்ல! புள்ளிக்குப் பின்னால் உள்ள 0.87ஐ 60ஆல் பெருக்குங்கள்: 52 நிமிடம். ஏறவும் இறங்கவும் ஓடுபாதையில் ஊரவும் அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே சேர்த்தால், மொத்தம் நாலரை மணித்தியாலம். காற்று எதிர்த்தால் கூடும், தள்ளிவிட்டால் குறையும்.

படி 3: கடிகார வித்தியாசம்

டிக்கட்டில் புறப்படும் நேரம் நம் நேரம், இறங்கும் நேரம் அந்த ஊர் நேரம். டுபாய், அபுதாபி, மஸ்கட் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால். ரியாத், குவைத், டோஹா இரண்டரை மணித்தியாலம் பின்னால். இந்தியாவுக்கும் நமக்கும் வித்தியாசமே இல்லை.

இப்போது 18:30உடன் நாலரையைக் கூட்டினால் நம் வீட்டுக் கடிகாரத்தில் இரவு 11:00. ஒன்றரையைக் கழித்தால் டுபாயில் 21:30. டிக்கட்டோடு சரியாகப் பொருந்துகிறது. இறங்கியதும் குடிவரவு வரிசை, பெட்டி எடுப்பது எல்லாம் இருப்பதால், நள்ளிரவு தாண்டித்தான் அழைப்பு வரும் என்று வீட்டில் சொல்லி வையுங்கள். திரும்பி வரும் டிக்கட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் +1 இருந்தால் மறுநாள் என்று அர்த்தம். கூட்டிவர வேன் பிடிக்கிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

படி 4: மலையிலிருந்து இறங்குவது

ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஆகாயத்தில் அளந்தால் 85 கிலோமீற்றர்தான். ஆனால் கினிகத்தேன, கித்துல்கல, அவிசாவளை என்று வளைந்து இறங்கும் ரோட்டில் நாலு மணித்தியாலமாவது வைக்க வேண்டும். திருச்சிக்குப் பறக்க ஒரு மணித்தியாலம்தான்! இந்த ஒரு பகுதிக்கு மட்டும் வகுத்துப் பார்க்கும் கணக்கு உதவாது, ரோட்டைத் தெரிந்த டிரைவரிடம்தான் கேட்க வேண்டும்.

18:30 பிளேனுக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக, அதாவது 15:30க்கு உள்ளே நிற்க வேண்டும். நாலு மணித்தியால ரோடு, வழியில் சாப்பாட்டுக்கு ஒன்று. காலை பத்தரைக்கு வேன் கிளம்ப வேண்டும். மழைக்காலம் என்றால் எட்டு மணிக்கே கிளம்புங்கள். மண்சரிவால் ரோடு மூடியிருக்கிறதா என்று முதல் நாள் இரவும் புறப்படும் காலையும் செய்தி கேட்டுக்கொள்ளுங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தவர்கள் முதல் நாளே இறங்கி, விமான நிலையத்துக்குக் கிட்ட தங்குவதுதான் நல்லது.