நலத்திட்டம், கூலி, லீவு: ஆங்கிலப் பேச்சு வகுப்பில் நாம் செய்யும் தவறுகள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு சிற்றூரில் சில வருடங்களாக மாலை நேர ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்துகிறேன். நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டுத் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள், சிங்கப்பூர் போகக் காத்திருக்கும் ஐ.டி.ஐ. பையன்கள், துணிக்கடையில் வேலை பார்க்கும் அக்காக்கள், மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவர்கள், தனியார் பள்ளி ஆசிரியைகள் என்று பலரும் வருகிறார்கள். இலக்கணம் ஓரளவு பிடிபட்டதும் பேசுவதற்கு விஷயம் வேண்டும். 'என் பொழுதுபோக்கு', 'நான் பார்த்த தேர்த்திருவிழா' எல்லாம் இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். ரேஷன், பென்ஷன், சம்பளம், லீவு, வேலை நேரம் ஆகியவை தீருவதே இல்லை. வீட்டில் தினமும் நடக்கும் பேச்சு அதுதான்.

அதனால்தான் இந்தத் தலைப்புகளைக் கவனமாக எடுக்க வேண்டியிருக்கிறது. நானே செய்த தவறுகளும் சக ஆசிரியர்களிடம் பார்த்தவையும் கீழே.

பட்டிமன்றம் வைப்பது

என் பார்வையில் இதுதான் பெரிய தவறு. வகுப்பு தொடங்கிய முதல் வருடத்தில் நான் செய்தது. 'இலவசங்கள் மக்களைச் சோம்பேறி ஆக்குகின்றனவா?' என்று தலைப்புக் கொடுத்து வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தேன். ஒரு பையன் எழுந்து, "பீப்பிள் கெட் ஃப்ரீ ரைஸ், சோ தே டோன்ட் ஒர்க்" என்றான். வாக்கியத்தில் பிழை இல்லை. நானும் "குட்" என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் இருந்தாள். அவள் அம்மா நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகிறவர். வீட்டில் உலை வைப்பது ரேஷன் அரிசியில். அதற்கப்புறம் அன்று அவள் வாயே திறக்கவில்லை. அடுத்த இரண்டு வாரம் வகுப்புக்கும் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டபோது அவள் சொன்னது: "எங்கம்மா சோம்பேறி இல்லைன்னு இங்கிலீஷ்ல சொல்லத் தெரியல சார்."

அந்த வாக்கியத்தைச் சொல்லக் கற்றுக்கொடுக்க வேண்டிய இடத்தில் நான் அவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தேன். நலத்திட்டம் பற்றிப் பேசும்போது எதிரே இருப்பவர்களில் பாதிப் பேர் அதன் பயனாளிகள். நல்லதா கெட்டதா என்ற விவாதம் அவர்களுக்கு மொழிப் பயிற்சியாக இருக்காது. தங்கள் வீட்டைப் பற்றி ஊரார் தீர்ப்புச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது போல இருக்கும்.

டெல்டாவில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. மேட்டூர் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வந்ததும் நடவுக்கு ஆள் கிடைக்காது. "நூறு நாள் வேலையால ஆளே வரமாட்டேங்குறாங்க" என்பது விவசாயி வீட்டுப் பிள்ளை தினமும் கேட்கும் புலம்பல். அறுவடையை மிஷின் எடுத்துக்கொண்டது, நடவுக்கும் மிஷின் வந்துவிட்டது, மீதி நாளுக்கு என்ன செய்வது என்பது தொழிலாளி வீட்டுப் பிள்ளை கேட்கும் புலம்பல். இரண்டுமே உண்மையான கஷ்டம். இந்த இருவரையும் எதிரெதிர் அணியில் உட்கார வைத்தால் அங்கே நடப்பது ஆங்கிலம் அல்ல.

இந்த மண்ணில் கூலி என்ற பேச்சு சாதாரணமாக வந்ததும் அல்ல. பண்ணையாள் பாதுகாப்புக்கென்று தஞ்சாவூருக்குத் தனிச் சட்டம் 1952-ல் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வுப் போராட்டத்தின் பின்னணியில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருடம் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. வகுப்பில் இருக்கும் பலருக்கு இது தாத்தா பாட்டி சொன்ன கதை. 'கூலி உயர்வு தேவையா?' என்று ஒரு கார்டில் எழுதி மேசையில் வைப்பதற்கு முன் ஆசிரியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது நான் கேட்பது, ஒரு திட்டம் எப்படி நடக்கிறது என்று மட்டும்தான். யாருக்குக் கிடைக்கும்? எங்கே மனு கொடுப்பது? என்ன தாள்கள் வேண்டும்? மறுத்தால் அடுத்து யாரிடம் போவது? ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும் பழக்கம், 'இஃப்' வாக்கியம், வரிசையாகச் சொல்லும் திறமை எல்லாம் இதிலேயே வந்துவிடுகின்றன. உதாரணத்துக்குக் காலை உணவுத் திட்டம். அது மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்ட விழா 2023 ஆகஸ்ட் 25 அன்று நம் திருக்குவளையில்தான் நடந்தது. அதைப் பற்றிப் பேசச் சொன்னபோது ஒரு அக்கா, நடவுக்குப் போகும் நாளில் ஆறரை மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், பிள்ளை என்ன சாப்பிட்டான் என்பது சாயங்காலம்தான் தெரியும் என்று தடுக்கித் தடுக்கிச் சொன்னார். அன்றைக்கு அவர் பேசிய அளவு அதற்கு முன் ஒரு மாதத்தில் பேசியதில்லை. கருத்து தானாக வந்தது. நான் கேட்கவே இல்லை.

சொல்லுக்குச் சொல் மாற்றுவது

பயோடேட்டாவில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். பள்ளிச் சேர்க்கைப் படிவத்திலிருந்தே வந்த பழக்கம். தமிழில் கூலி உழைப்புக்குக் கிடைக்கும் பணம். ஆங்கிலத்தில் அது ஒரு மனிதரை இழிவாகக் கூப்பிடும் சொல். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்குப் போனவர்களை வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லை நம் பிள்ளை தன் அப்பாவுக்குத் தானே எழுதிக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு தாங்காது. 'ஃபார்ம் ஒர்க்கர்', 'டெய்லி வேஜ் ஒர்க்கர்' என்று முதல் வாரமே சொல்லிக்கொடுத்து விடுகிறேன். கூலிக்கு 'வேஜஸ்', மாதச் சம்பளத்துக்கு 'சாலரி' என்ற வித்தியாசமும் அதோடு சேர்ந்து போகும்.

அடுத்து உரிமை. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மாதம் 1000 ரூபாய்த் திட்டத்தின் பெயர் மகளிர் உரிமைத் தொகை. அதை வகுப்பில் ஆங்கிலப்படுத்தச் சொன்னால் பெரும்பாலோர் 'ஹெல்ப்' என்றோ 'ஃப்ரீ மணி' என்றோ சொல்கிறார்கள். பெயரிலேயே இருக்கும் சொல் காணாமல் போகிறது. 'எலிஜிபிள்', 'என்டைட்டில்டு' இரண்டையும் இந்த இடத்தில்தான் பிரித்துக் காட்ட வேண்டும். முதலாவது தகுதி, வரையறைக்குள் வருகிறோம் என்று பொருள். இரண்டாவது உரிமை; தந்தே ஆக வேண்டும் என்று பொருள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டத்துக்குப் போய் வந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று விளங்கும். அங்கே எழுதும் மனுவில் 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று தொடங்கிப் பழகியதால், ஆங்கிலத்திலும் 'ஹம்ப்ளி', 'கைண்ட்லி' என்று அடுக்குகிறோம். உரிமையைக் கேட்கும்போது அத்தனை பணிவு தேவையில்லை.

மாறாக, லீவு கேட்கும்போது பணிவு குறைந்துவிடுகிறது. "எனக்கு ரெண்டு நாள் லீவு வேணும் சார்" என்பதில் அந்த 'சார்' மரியாதையைச் சுமக்கிறது. அதை அப்படியே 'ஐ வாண்ட் லீவ்' ஆக்கினால் மேனேஜர் காதில் கட்டளையாக விழும். 'ஐ வுட் லைக் டு டேக்', 'குட் ஐ டேக்' என்று ஆங்கிலம் வினைச்சொல்லில்தான் மரியாதை வைக்கிறது. இதை விளக்காமல் தப்பு என்று மட்டும் சொன்னால், தான் மரியாதை இல்லாதவன் என்று சொல்கிறார்கள் என மாணவன் நினைத்துக்கொள்வான்.

'ஸ்கீம்' என்ற சொல்லையும் கவனிக்கச் சொல்வேன். இந்திய ஆங்கிலத்திலும் பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் அது திட்டம்தான். அமெரிக்கர் காதில் சதி வாடை அடிக்கும். அங்கே 'ப்ரோக்ராம்' என்பது பாதுகாப்பு.

பாதித் தகவலோடு வகுப்புக்குப் போவது

ஒரு தனியார் பள்ளி ஆசிரியை, பேறுகால விடுப்பு ஒரு வருடம் என்று வகுப்பில் கேட்டதை நம்பி நிர்வாகத்திடம் போய்ப் பேசிவிட்டு அவமானப்பட்டு வந்தார். 12 மாதம் என்பது 2021 முதல் தமிழக அரசுப் பெண் ஊழியர்களுக்கு. தனியார் நிறுவனங்களுக்கு 2017 சட்டத் திருத்தம் சொன்னது முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். சொன்னது இன்னொரு மாணவிதான். ஆனால் திருத்தாமல் விட்டது நான். வாக்கியம் சரியாக இருந்ததால் கவனிக்காமல் போய்விட்டேன். இந்தத் தலைப்புகளில் தகவல் பிழை இலக்கணப் பிழையை விட அதிகம் சுடும். வகுப்பை விட்டு வெளியே போய் அதைப் பயன்படுத்துவார்கள்.

சரியான தகவல் கொடுத்தால் அதையும் பயன்படுத்துவார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் வந்தது. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் அக்காக்கள் பலருக்கு அது தெரியாது. அந்த ஒரு செய்தியை வைத்து நான்கு வகுப்பு நடத்தினேன். இருக்கை வேண்டும் என்று கடைக்காரரிடம் எப்படிப் பேசுவது, அவர் 'கஸ்டமர் என்ன நினைப்பாங்க' என்றால் என்ன பதில் சொல்வது என்று ஆளுக்கு ஆள் நடித்துப் பார்த்தார்கள்.

சொந்த அனுபவத்தைக் கேட்பது

வேலையிடப் பாலியல் தொந்தரவு பற்றிப் பேசும்போது 'உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்' என்று ஒருபோதும் கேட்காதீர்கள். சிறிய ஊர். வகுப்பில் ஒருத்தியின் சித்தப்பா இன்னொருத்தியின் முதலாளியாக இருப்பார். கற்பனையாக ஒரு பெண், ஒரு அலுவலகம் என்று கொடுத்து, அவள் என்ன செய்யலாம் என்று கேட்டால் போதும். 2013 சட்டப்படி 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பதையும், அதைவிடச் சிறிய இடமென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழுவிடம் போகலாம் என்பதையும் அந்தக் கதையிலேயே சொல்லிவிடலாம். தேவைப்படுகிறவர் குறித்துக்கொள்வார். யார் என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை.

நடுவில் புகுந்து திருத்துவது

ஒருவர் தன் பாட்டியின் பென்ஷன் நின்றுபோனதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது 'வாஸ்' இல்லை 'வேர்' என்று குறுக்கே பேசாதீர்கள். குறித்து வைத்துக்கொண்டு பிறகு சொல்லுங்கள். ஆனால் எதைக் குறிப்பது என்பதில் தேர்வு வேண்டும். இந்தப் பேச்சுகளில் திரும்பத் திரும்ப வருபவை மூன்று.

"பென்ஷனை நிறுத்திட்டாங்க" என்று தமிழில் சொன்னால் யார் என்று கேட்க மாட்டோம். 'தே ஸ்டாப்டு' என்று ஆங்கிலத்தில் சொன்னால் கேட்பவர் அந்த 'தே' யார் என்று தேடுவார். 'மை கிராண்ட்மதர்ஸ் பென்ஷன் வாஸ் ஸ்டாப்டு' என்பதே சரியான கட்டு. செயப்பாட்டு வினையை இதைவிடத் தெளிவாக எந்தப் பயிற்சிப் புத்தகமும் சொல்லிக்கொடுக்காது.

மனு இன்னும் நிலுவையில் இருந்தால் 'கொடுத்திருக்கேன்' என்கிறோம். 'ஐ ஹேவ் அப்ளைடு'. போன வருடம் கொடுத்துக் கதை முடிந்துவிட்டது என்றால் 'கொடுத்தேன்'. 'ஐ அப்ளைடு லாஸ்ட் இயர்'. பலர் பயப்படும் இந்த 'ஹேவ்' வினைக்காலத்துக்கு நம் 'இருக்கேன்' நல்ல கைப்பிடி.

மூன்றாவது, 'தரல', 'தரமாட்டேங்குறாங்க', 'தர முடியாதுன்னுட்டாங்க'. மூன்றையும் 'நாட் கிவிங்' என்றே சொல்கிறார்கள். ஒன்று தாமதம், ஒன்று வேண்டுமென்றே மறுப்பது, ஒன்று எழுத்தில் வந்த நிராகரிப்பு. மேல்முறையீடு செய்யப்போகிறவருக்கு இவை மூன்றும் மூன்று வேறு நிலைமை. 'டிலேய்டு', 'ரெஃப்யூஸ்டு', 'ரிஜெக்டட்' என்று மூன்று சொல் கொடுத்துவிட்டால் போதும்.

வெளிநாட்டுப் பாடப் புத்தகம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டனில் வருடத்துக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு விடுமுறை, அமெரிக்காவில் 1993 சட்டப்படி கிடைக்கும் 12 வாரக் குடும்ப விடுப்புக்குச் சம்பளமே இல்லை என்பதெல்லாம் ஒப்பிடுவதற்கு நல்ல செய்திகள். ஆனால் அதிலிருந்து தொடங்கினால் மாணவர்கள் வேடிக்கை பார்ப்பவர்கள் ஆகிவிடுகிறார்கள். சிங்கப்பூர் போகிற பையனுக்கு மட்டும் அங்கத்துச் சட்டத்தில் முதல் வருடம் குறைந்தது 7 நாள் சம்பள விடுப்பு உண்டு என்பதை, கிளம்புவதற்கு முன் ஆங்கிலத்தில் கேட்டு வாங்கத் தெரியும்படி சொல்லி அனுப்புகிறேன்.

இன்னொன்று. முதலாளியையும் அவரிடம் வேலை பார்ப்பவரையும் ஒரே நாள் ஒரே குழுவில் உட்கார வைக்காதீர்கள். எங்கள் வகுப்பில் ஒரு கடைக்காரர் அண்ணன் செவ்வாய்க்கிழமை வருகிறார். அவர் கடையில் வேலை பார்க்கும் அக்கா வியாழக்கிழமை வருகிறார். இருவருமே நன்றாகப் பேசுகிறார்கள்.