சமாதானம் ஆயிட்டோம், ஆனா கேஸ் ஓடிக்கிட்டே இருக்கு, என்ன பண்ணுறது?

எங்க அக்கா விஷயத்துல மலேசியாவுல, பினாங்குல பாலாய்க்கும் (போலீஸ் ஸ்டேஷன்) கோர்ட்டுக்கும் அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்டத எழுதுறேன், இதே குழப்பத்துல நிக்கிற குடும்பங்களுக்கு உதவட்டும். அத்தான் கை நீட்டிட்டாரு, அக்கா ரிப்போர்ட் பண்ணிட்டா, தண்டனைச் சட்டம் 323, கூடவே 326ஏ போட்டு அவரை சார்ஜ் பண்ணிட்டாங்க. 323க்கு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், அடிபட்டது மனைவின்னா 326ஏ அதை ரெண்டு மடங்காக்கும். நாலஞ்சு மாசம் கழிச்சு ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் உட்கார்ந்து பேசி, அவரும் கவுன்சலிங் போக ஆரம்பிச்சு, அக்காவும் சரின்னா. அப்பதான் தெரிஞ்சது, நாம ஒத்துப்போயிட்டா கேஸ் தானா நிக்காதுன்னு.

ரிப்போர்ட் கொடுத்தது நீங்கதான், ஆனா கேஸ் அரசாங்கத்தோடது. அரசியலமைப்புச் சட்டம் 145(3)படி கேஸ் போடுறதும் நிறுத்துறதும் சட்டத்துறைத் தலைவர் கையில, கோர்ட்ல அவருக்காக நிக்கிற அரசு வக்கீலுங்கதான் டிபிபி. அதனால நீங்க கேட்கலாம், முடிவு அவங்களோடது.

இன்னும் சார்ஜ் பண்ணலன்னா வேலை கொஞ்சம் சுலபம். அதே பாலாய்க்குப் போய், சமாதானம் ஆயிட்டோம், மேற்கொண்டு நடத்த விருப்பமில்லன்னு ரெண்டாவது ரிப்போர்ட் பண்ணணும், ஐஓ, அதாவது கேஸை விசாரிக்கிற அதிகாரி, அதையும் பைல்ல சேர்த்து டிபிபிக்கு அனுப்புவாரு. முதல் ரிப்போர்ட் அழியாது. ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கிறேன், புருஷனைக் காப்பாத்துறேன்னு "அன்னைக்கு நான் சொன்னது பொய்"னு எழுதிடாதீங்க, பொய்த் தகவல் கொடுத்தாங்கன்னு தண்டனைச் சட்டம் 182ல உங்க மேலயே கேஸ் வரலாம். நடந்தது நடந்ததுதான், இப்ப மனசு மாறியிருக்கு, அத அப்படியே எழுதுங்க.

சார்ஜ் ஆனதுக்கு அப்புறம்னா ரெப்ரசென்டேஷன் போடணும், அதாவது அத்தானோட லாயர் மாநில பிராசிகியூஷன் ஆபீசுக்கு மலாய்ல எழுதுற கடிதம். கேஸ் நம்பர், சார்ஜ் ஷீட் காப்பி, கவுன்சலிங் போன கடிதம், பிள்ளைங்க நிலைமை எல்லாம் அதுல வரும், ஆனா உயிர்நாடி அக்காவோட கடிதம்தான், அத எஸ்டியாவே, அதாவது சத்தியப் பிரமாணமா எழுதி கமிஷனர் ஃபார் ஓத்ஸ் முன்னால கையெழுத்துப் போட்டா நல்லது. அக்காவோட மாமியார் வீட்டுல ஏற்கனவே ஒரு கடிதம் எழுதி கையெழுத்து மட்டும் போடச் சொல்லி கொண்டு வந்திருந்தாங்க. லாயரம்மா அத வாங்கிப் படிச்சிட்டு மேசை ஓரமா கவுத்து வச்சாங்க, எங்க எல்லாரையும் வெளிய உட்காரச் சொல்லிட்டு அக்காகிட்ட அரை மணி நேரம் தனியா பேசினாங்க. அக்கா வெளிய வந்தப்ப கண்ணெல்லாம் சிவந்திருந்தது, கையில அவளே தமிழ்ல எழுதின ஒண்ணரைப் பக்கம், ரெண்டு இடத்துல அடிச்சுத் திருத்தியிருந்தா. அதத்தான் மலாய்ல மாத்தி அனுப்பினோம். உங்க வீட்டுலயும் அந்தப் பொண்ணைத் தனியா பேச விடுங்க, தயவுசெஞ்சு. பயத்துல கையெழுத்துப் போடுறாங்கன்னா அது சமாதானமே இல்ல, 15999ல தாலியான் காசிஹ் (Talian Kasih)-ங்கிற அரசாங்க உதவி லைன் இருக்கு, கூப்பிடச் சொல்லுங்க.

கடிதம் கொடுத்ததும் உங்க காப்பியில தேதியோட சாப்பு (முத்திரை) போட்டு வாங்கிக்குங்க. பதில் வர வாரக் கணக்காகும், அதுவரைக்கும் லெபோ லைட் கோர்ட்ல ஒவ்வொரு மென்ஷனுக்கும் (கேஸ் கூப்பிடுற தேதிக்கும்) அத்தான் போயே ஆகணும். தெரிஞ்சவர் ஒருத்தர், அதான் சமாதானம் ஆயிட்டீங்களே, எதுக்கு லீவு எடுக்குறீங்கன்னு சொன்னதை நம்பி ஒரு தடவை போகாம இருக்கப் பார்த்தாரு, நல்லவேளை லாயர் காலையிலேயே போன் பண்ணிட்டாங்க, போகலன்னா வாரண்ட்டுதான். அதே மாதிரி பாதுகாப்பு ஆர்டர்ல வீட்டுக்குள்ள போகக்கூடாதுன்னு இருந்தா, அக்காவே சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டாலும் போகக்கூடாது, முதல்ல கோர்ட்ல அந்த ஆர்டரை மாத்தணும்.

டிபிபி ஒத்துக்கிட்டா குற்றவியல் நடைமுறைச் சட்டம் 254ல கேஸை நிறுத்துவாங்க. அங்க உஷாரா இருங்க, வெறும் டிஎன்ஏஏன்னா (கேஸ்ல இருந்து விடுவிப்பு மட்டும், நிரபராதின்னு விடுதலை இல்ல) விடுதலை மாதிரி தெரியும், ஆனா பின்னாடி திரும்ப சார்ஜ் பண்ண முடியும். முழு விடுதலை வேணும்னா டிஏஏ (விடுவிப்போட விடுதலையும்) கேட்கச் சொல்லி லாயர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. டிபிபி ஒத்துக்கலன்னாலும் அந்தக் கடிதம் வீணில்ல, தண்டனை பேசுறப்ப குறைச்சுக் கொடுக்கச் சொல்லிக் கேட்க உதவும். லாயருக்குக் காசில்லன்னா தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கு, ஒய்பிஜிகேன்னு சொன்னா கோர்ட்லயே வழி காட்டுவாங்க.

எல்லாம் முடிஞ்சதும் ஜாமீன் காசை மறந்துடாதீங்க. ஜாமீன் போட்டவங்க ஐசி (அடையாள அட்டை), ரசீதோட கோர்ட் கவுண்டர்ல கேட்டு வாங்கணும், எங்க வீட்டுல அந்த ரசீதை சாமி படத்துக்குப் பின்னால வச்சிட்டு ரெண்டு நாளா தேடினோம்.