ஹாலோவீன் ரத்தம்: சமையலறைப் பொருளே போதும்

பேய் வேஷம் போடும் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31, சென்னையில் வடகிழக்குப் பருவமழை நேரம். மழை இல்லாவிட்டால் புழுக்கம். முகம் முழுக்கப் போலி ரத்தம் பூசிக்கொண்டு மின்சார ரயில் ஏறினால், கல்லூரி வருவதற்குள் பேய் வழிந்துவிடும். வேஷத்தைக் கல்லூரிக்குப் போய்ப் போடுவதே நல்லது. தீபாவளிச் செலவும் இதை ஒட்டியே வரும் என்பதால் கடையில் விற்கும் போலி ரத்தம் வாங்கவும் வேண்டாம்.

இரண்டு ஸ்பூன் சோளமாவை (கார்ன்ஃப்ளோர்) கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, கெட்டியாகும்வரை காய்ச்சி ஆறவிடுங்கள். சிவப்பு கேசரிப் பவுடர் சேருங்கள். வெறும் சிவப்பு குங்குமம் மாதிரிதான் தெரியும். ஒரு சிட்டிகை காபித்தூள் போட்டால்தான் உறைந்த ரத்தத்தின் நிறம் வரும். சர்க்கரைப் பாகில் செய்தால் பளபளப்பு அதிகம், ஆனால் ஹாஸ்டல் எறும்புகள் உங்களைத்தான் தேடி வரும்.

ஆரத்தி போல மஞ்சளும் சுண்ணாம்பும் கலக்கலாமே என்று சிலர் கிளம்புவார்கள். நிறம் அருமையாக வரும், சரி. ஆனால் சுண்ணாம்பு தோலை எரிக்கும், வேண்டாம்.

பூசும் முன் தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவிக்கொண்டால் கறை அவ்வளவாக ஒட்டாது. முந்தின நாளே முழங்கை மடிப்பில் தடவி, அரிக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் கண்மையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.